சிஸ்டரிடம் கேளுங்கள்: மணிக்கட்டைப் பாருங்கள்

போன இதழில் கை கழுவுவதைப் பற்றி எழுதினேன். வந்த கடிதங்களோ, கழுவிய கையில் மாட்டும் கையுறையைப் பற்றித்தான் அதிகம் கேட்கின்றன. மும்பை ஆபரேஷன் தியேட்டர்களில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து இன்சார்ஜ் சிஸ்டராக ஓய்வு பெற்றவள் நான். கையுறை என்று எடுத்துவிட்டால் என்னை நிறுத்துவது கடினம். பக்கம் போதவில்லை என்றால் சின்னப் பதில்களை வெட்டுங்கள், முதல் பதிலில் மட்டும் கை வைக்காதீர்கள் என்று ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். வேலைக்குப் பாதகம் வரக்கூடாது என்பதால் எழுதியவர்களின் பெயர்களையும் அவர்கள் குறிப்பிட்ட மருத்துவமனைகளின் பெயர்களையும் எடுத்துவிட்டேன்.

செம்பூரிலிருந்து ஒரு ஸ்க்ரப் நர்ஸ் (கையைத் தேய்த்துக் கழுவி, சர்ஜன் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுப்பவர்): அக்கா, எங்கள் தியேட்டரில் நீண்ட அறுவை சிகிச்சைகளின் நடுவே கையுறையின் விளிம்பு சுருண்டு கீழே இறங்கிவிடுகிறது. கவுனின் பின்னல் பட்டை வெளியே தெரிகிறது. மேலே இழுத்துவிட்டுக்கொள் என்கிறார் ஒரு சீனியர். ரப்பர் பேண்டு போடு என்கிறார் இன்னொருவர். எது சரி?

இரண்டும் வேண்டாம், தங்கச்சி. அந்தப் பட்டையை ஏன் மூட வேண்டும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கவுனின் கைத்துணி ஈரத்தை ஓரளவு தடுக்கும். மணிக்கட்டுப் பின்னல் தடுக்காது. கையைக் கவ்விப் பிடிப்பதற்காக மட்டும் வைத்துத் தைத்தது அது. உள்ளே வியர்த்தால் ஈரம் வெளியே வரும். வெளியே ரத்தம் பட்டால் உள்ளே போகும். ஈரம் போகும் வழியில் கிருமியும் போகும். அதனால்தான் கையுறை அந்தப் பட்டை முழுவதையும் மூடி, அதற்கு மேலே கைத்துணியின் மீதும் ஏறி உட்கார வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறோம். விரல் நுனியில் ஓட்டை விழுந்தால் எல்லோரும் பதறுகிறார்கள். மணிக்கட்டில் இரண்டு விரற்கடை திறந்து கிடந்தால் பலர் கண்ணிலேயே படுவதில்லை. புதிதாக வரும் பெண்களிடம் நான் முதலில் பார்த்தது மணிக்கட்டைத்தான்.

விளிம்பு சுருளும்போது கையுறையின் உள்பக்கம் வெளியே வருகிறது. உங்கள் வியர்வையில் நனைந்த பட்டையோடு ஒட்டிக் கிடந்த பக்கம் அது. அதை மேலே இழுத்துவிட்டால் பார்வைக்கு ஒழுங்காகிவிடும், அவ்வளவுதான். போதாக்குறைக்கு, இழுக்கப் போன மற்றொரு கையும் அந்தப் பட்டையைத் தொட்டிருக்கும். ஒரு கையில் இருந்த கேடு இரண்டு கைக்கும் வந்துவிடும்.

ரப்பர் பேண்டு விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். மேசை இழுப்பறையிலிருந்து எடுத்த பேண்டு ஸ்டெரைல் இல்லை, அதாவது கிருமி நீக்கியது இல்லை. ஆட்டோகிளேவில் நீராவி காட்டிக் கிருமி நீக்கிய பேண்டே ஆனாலும் அது அறுந்து வயிற்றுக்குள் விழுந்தால் எந்தக் கணக்கில் வரும்? பஞ்சையும் துணியையும் ஊசியையும் எண்ணி எண்ணி எழுதுகிறோம். பேண்டை யார் எண்ணினார்கள்? மணிக்கணக்கில் இறுக்கிக் கட்டியிருந்தால் விரலும் மரத்துப்போகும். பிளாஸ்டர் சுற்றுவதும் அதே கதை. உரிக்கும்போது மெல்லிய ரப்பரையும் சேர்த்துக் கிழிக்கும்.

கட்டி நிறுத்த வேண்டியிருக்கிறது என்றாலே, கைக்கும் கையுறைக்கும் கவுனுக்கும் இடையில் எங்கோ பொருத்தம் இல்லை என்று அர்த்தம். அதைத் தேடுங்கள். பெரும்பாலும் அளவுதான் காரணம். அறுவைக் கையுறை 5.5 முதல் 9 வரை அரை அரை அளவாக வருகிறது. கட்டை விரலை விட்டுவிட்டு, உள்ளங்கையைச் சுற்றி விரல் முட்டிகளுக்குக் கீழே டேப்பால் அளந்தால் எத்தனை அங்குலமோ, ஏறக்குறைய அதுதான் உங்கள் அளவு. ஸ்டோரில் 7, 7.5 என்று மொத்தமாக வாங்கி அடுக்கியிருப்பார்கள். ஆறரைக் கை உள்ள பெண் ஏழரையை மாட்டினால் விளிம்பு மணிக்கட்டில் நிற்குமா? பள்ளிக்கூடப் பிள்ளையின் பழைய சாக்ஸ் ஷூவுக்குள் இறங்குவது போல் இறங்கத்தான் செய்யும். உங்கள் அளவை இன்சார்ஜிடம் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் ஸ்டோர் வரை போகாது.

அளவு சரியாக இருந்தும் இறங்குகிறது என்றால் கவுனின் கையைப் பாருங்கள். கை நீளமாக இருந்தால் துணி மணிக்கட்டில் மடிந்து குவியும். நீங்கள் கையை மடக்கும்போதெல்லாம் அந்த மடிப்பு கையுறையின் விளிம்பைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பழைய பருத்திக் கவுன் சற்றுச் சொரசொரப்பாக இருந்ததால் ரப்பரைப் பிடித்துக்கொண்டது. இப்போதைய ஒருமுறைக் கவுன்களில் சில வழுவழுவென்று இருக்கின்றன. அவற்றுக்கு நீளமான கழுத்து உள்ள கையுறையோ, விளிம்பின் உள்பக்கத்தில் பிடிமானப் பட்டை வைத்த கையுறையோ பொருந்தும். சப்ளை செய்பவர் வரும்போது, எங்கள் கவுனோடு சேர்த்துப் போட்டுப் பார்க்க நாலு ஜோடி கொடுங்கள் என்று கேட்க வேண்டும். கையுறையைத் தனியாகவும் கவுனைத் தனியாகவும் விலை பார்த்து வாங்கும் இடங்களில்தான் இந்தத் தொல்லை அதிகம். இன்னொன்று, ஸ்க்ரப் செய்த கையை டவலால் ஒற்றி எடுத்து நன்றாகக் காய வைத்தீர்களா? ஆல்கஹால் தேய்த்தால் அது முழுவதும் ஆவியாகும் வரை பொறுத்தீர்களா? ஈரக் கையில் மாட்டினால் விரல் முழுதாக உள்ளே போய் உட்காராது.

இவ்வளவுக்குப் பிறகும் நடுவில் இறங்கிவிட்டால், வாய் திறந்து சொல்லுங்கள், கையுறையை மாற்றுங்கள். ஸ்க்ரப் செய்யாத ஃப்ளோர் நர்ஸ் தன் கையில் சாதாரணக் கையுறை போட்டுக்கொண்டு, உங்கள் கையுறையை உள்ளங்கைப் பக்கம் பிடித்து, உள்பக்கம் வெளியே வரும்படி உருவ வேண்டும். அப்போது கவுனின் பட்டை உங்கள் விரல்களின் மேல் இறங்கிவிடக் கூடாது. புதியதை, ஸ்க்ரப் செய்த இன்னொருவர் விரித்துப் பிடிக்க, நீங்கள் கையை இறக்குங்கள். யாரும் கிடைக்காவிட்டால், விரல்கள் கவுனுக்கு வெளியே இருக்கும் திறந்த முறையில் நீங்களே மாட்டலாம். காலையில் முதல் முறை மாட்டியது போலக் விரல்களைக் கவுனின் கைக்குள் இழுத்துக்கொண்டு மாட்டும் மூடிய முறை மட்டும் கூடாது. உங்கள் மணிக்கட்டில் கிடந்து நனைந்த பட்டையை மறுபடி விரல் மேல் கொண்டுவந்தால், அது புதுக் கையுறையின் வாயைத் தொடும். அனுபவசாலிகளே பலர் இதைச் செய்கிறார்கள். பட்டையும் ரத்தத்தில் ஊறியிருந்தால் கவுனையே மாற்றுங்கள்.

சர்ஜன் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

முலுண்டிலிருந்து ஒரு வாசகி: என் கணவருக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை. டாக்டர் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு கையுறை போடுவார் என்று தெரிந்தவர் சொன்னார். ஒன்று போதாதா? நான் டாக்டரிடம் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். நல்ல டாக்டர் என்றால் சந்தோஷமாகப் பதில் சொல்வார். எலும்பு வேலையில் ரம்பம், துளைக்கருவி, கம்பி, கூரான எலும்பு விளிம்பு எல்லாம் உண்டு. கையுறை கிழிய வாய்ப்பு அதிகம். பெரிய கிழிசல் என்றால் தெரிந்துவிடும். ஊசி முனையளவு ஓட்டைதான் கள்ளன். பெரும்பாலும் போட்டிருப்பவருக்கே தெரியாது. வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இடது ஆள்காட்டி விரலில்தான் அது அதிகம் விழுகிறது. ஊசி போகும் வழியில் திசுவைப் பிடித்துக்கொண்டிருக்கும் விரல் அது. இரண்டு கையுறை போட்டால் உள்கையுறையில் ஓட்டை விழுவது 71 சதவீதம் குறைகிறது என்று 2014-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. சில இடங்களில் உள்ளே பச்சை நிறக் கையுறை போடுவார்கள். வெளிக்கையுறையில் ஓட்டை விழுந்து ஈரம் நுழைந்தால் அந்த இடம் கரும்பச்சையாகத் தெரியும். செயற்கை மூட்டைக் கையில் எடுப்பதற்கு முன் வெளிக்கையுறையை மாற்றுவதும் பல இடங்களில் வழக்கம். விரல் உணர்வு குறைந்துவிடும் என்று இளம் டாக்டர்கள் முனகுவதுண்டு. கொஞ்ச நாளில் பழகிவிடும்.

ஆனால் தியேட்டருக்குள் நடப்பதைவிட உங்கள் கையில் இருப்பது முக்கியம். அவருக்குச் சர்க்கரை இருந்தால் அளவு கட்டுக்குள் இருக்கிறதா? காலில் சேற்றுப் புண், கொப்புளம், நகச்சுற்று ஏதாவது இருக்கிறதா? இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். முந்தின நாள் வீட்டில் பிளேடால் முழங்கால் முடியை மழித்துவிட்டு அனுப்பாதீர்கள். சுத்தம் என்று நினைத்துச் செய்கிறார்கள். பிளேடு போட்ட நுண்ணிய கீறல்களில்தான் கிருமி குடியேறும். உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதலே மழிக்க வேண்டாம் என்கிறது. முடியை எடுத்தே ஆக வேண்டும் என்றால் மருத்துவமனையில் கிளிப்பரால் எடுப்பார்கள்.

தாராவியிலிருந்து ஒரு கம்பவுண்டர்: சிஸ்டர், நான் வேலை பார்க்கும் சின்ன கிளினிக்கில் டாக்டர் கையுறையைக் கழுவி, ஸ்பிரிட் தடவி, காய வைத்து மறுபடி போடச் சொல்கிறார். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள் என்கிறார். உண்மையா?

அந்தக் காலத்தில் செய்தோம், தம்பி. அதுவரை உங்கள் டாக்டர் சொல்வது உண்மை. ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார். அந்தக் கையுறை தடித்த ரப்பர், பல முறை பயன்படுத்துவதற்கென்றே செய்தது. சோப்பில் உள்ளும் புறமும் கழுவுவோம். ஊதிப் பெருக்கி, கன்னத்தருகே பிடித்துக் காற்று கசிகிறதா என்று பார்ப்போம். ஓட்டை விழுந்ததை ஒட்டுப் போட்டு வார்டு வேலைக்கு ஒதுக்குவோம். காய்ந்த பிறகு பவுடர் போட்டு, ஜோடி சேர்த்து, அளவு எழுதித் துணியில் சுற்றி, டிரம்மில் அடுக்கி ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் வைப்போம். மதிய நேரம் முழுக்க மௌஷிகளோடு, அதாவது வார்டு ஆயாக்களோடு, உட்கார்ந்து இதைத்தான் செய்துகொண்டிருப்போம். வாளியும் ஸ்பிரிட்டும் வைத்துக்கொண்டு குழாயடியில் செய்த வேலை இல்லை அது.

இப்போது வருவது மெல்லியது, ஒருமுறைக்கு மட்டுமானது. பெட்டியின் மேல் 2 என்று போட்டுக் குறுக்கே கோடு இழுத்த வட்டம் இருக்கும். மறுபடி பயன்படுத்தாதே என்பதற்கான சின்னம். சோப்பும் ஸ்பிரிட்டும் பட்டால் ரப்பர் நலிந்து, கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் பெருகும். மேலே பளபளப்பாக இருக்கும் அந்தக் கையுறை ஒரு நோயாளியின் கிருமியை அடுத்தவருக்குச் சுமந்து போகும். பாவம், அவர் அதற்குக் காசும் கொடுப்பார்.

டாக்டருக்குச் செலவுதான் கவலை என்றால் சிக்கனத்துக்கு வேறு இடம் இருக்கிறது. ரத்த அழுத்தம் பார்க்க, நாடி பிடிக்க, காய்ச்சல் பார்க்க, தசையில் ஊசி போட, தடுப்பூசி போட சாதாரணமாகக் கையுறையே தேவையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கையேடே இதைச் சொல்கிறது. கை சுத்தமாக இருந்தால் போதும். ரத்தம், சீழ், கழிவு படக்கூடிய வேலைக்கு ஸ்டெரைல் அல்லாத பரிசோதனைக் கையுறை போதும். பெட்டியில் நூறு இருக்கும், விலையும் மலிவு. தையல் போடுவது போன்ற வேலைக்கு மட்டும் தனி உறையில் வரும் ஸ்டெரைல் கையுறை. இப்படிப் பிரித்தால் இப்போது ஆகும் செலவே குறையக்கூடும். கழற்றியதைச் சிவப்புப் பையில் போடுங்கள். 2016-ம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளில் கையுறைக்கு உரிய நிறம் அதுதான். கழற்றிய கையை உடனே கழுவுங்கள்.

டாக்டரிடம் நேரடியாகச் சொல்லத் தயங்கினால் இந்தப் பக்கத்தை அவர் மேசையில் விரித்து வையுங்கள்.

வாஷியிலிருந்து ஒரு லேப் டெக்னீஷியன்: கையுறை போட்டால் கை அரிக்கிறது. பவுடர் ஒவ்வவில்லை என்று நினைக்கிறேன். பழகிவிடுமா?

பழகாது; நாளாக நாளாக முற்றிப்போகும். கையுறை பிறந்ததே ஒரு நர்ஸின் கை அரிப்பால்தான் என்பது உங்களுக்குத் தெரியுமா? அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889-ல் திறந்தது. அங்கே சர்ஜன் வில்லியம் ஹால்ஸ்டெட்டின் தியேட்டர் நர்ஸ் கரோலின் ஹாம்ப்டன். கிருமிநாசினியாகப் பயன்படுத்திய பாதரசக் குளோரைடு கரைசலில் அந்தப் பெண்ணின் கைகள் வெந்து புண்ணாயின. வேலையை விட்டுவிடுவாரோ என்று பயந்த ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் நிறுவனத்தில் அவர் கைக்கு அளவெடுத்து மெல்லிய ரப்பர் கையுறை செய்யச் சொன்னார். 1890-ல் இருவருக்கும் திருமணமும் ஆயிற்று. நோயாளிக்குத் தொற்று வராமல் தடுக்கவும் அது உதவுகிறது என்பது, ஹால்ஸ்டெட்டின் உதவியாளர் ஜோசப் பிளட்குட் போன்றவர்கள் ஒவ்வொரு அறுவை சிகிச்சைக்கும் போட ஆரம்பித்த பிறகுதான் நன்றாகப் புரிந்தது. ஆக, நர்ஸின் கைக்கு ஒவ்வாமல் போனால் கையுறையை மாற்றுவதுதான் ஆதி வழக்கம்!

உங்கள் அரிப்பு எந்த வகை என்று பாருங்கள். கை காய்ந்து, வெடித்து, எரிந்தால் அது பெரும்பாலும் சோப்பும் வியர்வையும் உரசலும் செய்யும் வேலை. ஈரக் கையில் கையுறை போடுவதை நிறுத்தினாலே பாதி சரியாகும். போட்டு ஒன்றிரண்டு நாள் கழித்துக் கையுறை பட்ட இடத்தில் கொப்புளம் கிளம்பினால், ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் ரசாயனத்துக்கு வந்த ஒவ்வாமையாக இருக்கலாம். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறையிலும் அந்த ரசாயனம் இருக்கக்கூடும் என்பதால் தோல் மருத்துவரிடம் சோதித்துத்தான் மாற்ற வேண்டும். மூன்றாவதுதான் ஆபத்து: போட்ட சில நிமிடங்களிலேயே தடிப்பு, தும்மல், கண் அரிப்பு, மூச்சு இழுப்பு. இது லேடெக்ஸ் எனப்படும் ரப்பர் பாலில் உள்ள புரதத்துக்கு வரும் ஒவ்வாமை. இவர்களில் சிலருக்கு வாழைப்பழம், கிவி, அவகாடோ தின்றாலும் வாய் நமநமக்கும். உங்களுக்கு அப்படி உண்டா? இருந்தால் இன்றோடு லேடெக்ஸை விடுங்கள். நாளை உங்களுக்கே ஓர் அறுவை சிகிச்சையோ பல் வைத்தியமோ நடக்கும்போது முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்.

பவுடரைப் பற்றி நீங்கள் நினைத்தது முழுத் தவறல்ல. பவுடர் என்பது சோள மாவு. மாவு அந்தப் புரதத்தைத் தூக்கிக்கொண்டு காற்றில் பறக்கும். பக்கத்து மேசைக்காரர் கழற்றினால் உங்களுக்குத் தும்மல் வருவது அதனால்தான். வயிற்றுக்குள் விழுந்தால் குடலை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் தழும்புக்கும் அது காரணமாகலாம். அமெரிக்காவில் 2017 ஜனவரியிலிருந்து பவுடர் போட்ட மருத்துவக் கையுறைகளுக்குத் தடை. உங்கள் லேபில் யாருக்கும் ஒவ்வாமை இல்லை என்றாலும் பவுடர் இல்லாததை வாங்கச் சொல்லுங்கள்.

மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமா: ஸ்டேஷன் வாசலில் ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு வடாபாவ் விற்கிறார். பார்க்கவே சுத்தமாக இருக்கிறது. மற்ற கடைக்காரர்களும் பின்பற்ற வேண்டாமா?

மாமா, அதே கையால் அவர் பத்து ரூபாய் நோட்டை வாங்கிச் சில்லறை கொடுப்பதையும் நின்று பாருங்கள். வெறும் கை என்றால் பிசுபிசுப்பு உறுத்திக் கழுவத் தோன்றும். கையுறைக்குள் இருக்கும் கைக்கு ஒன்றும் உறுத்தாது. காசு வாங்க ஓர் ஆள், வடை எடுக்க ஓர் ஆள் என்று இருக்கும் கடையில் சாப்பிடுங்கள், கையுறை இல்லாவிட்டாலும்.

காட்கோபரிலிருந்து ஒரு வாசகர்: அம்மாவை வார்டில் சேர்த்திருக்கிறோம். டிரெஸ்ஸிங் மாற்ற வந்தவர் கையுறை போட்ட பிறகு திரைச்சீலையை இழுத்தார், கட்டிலை உயர்த்தினார், போன் வந்ததும் எடுத்துப் பேசினார், அப்படியே புண்ணைத் தொட்டார். சொல்லத் தயக்கமாக இருந்தது.

சொல்லுங்கள். சண்டையாக வேண்டாம். இங்கே அதற்கு நல்ல வழி இருக்கிறது: "தாயி, ஜரா கிளவுஸ் பதலா நா" (அக்கா, கொஞ்சம் கையுறையை மாற்றுங்களேன்) என்று சிரித்தபடி மராத்தியில் சொன்னால் பாதிப் பேர் தாங்களாகவே நாக்கைக் கடித்துக்கொண்டு மாற்றிவிடுவார்கள். திரையையும் கட்டிலையும் நீங்களே முன்கூட்டிச் சரிசெய்து வைத்துவிட்டால் அவருக்கு அதைத் தொட வேண்டிய அவசியமே வராது. மறுத்தால் வார்டு இன்சார்ஜிடம் போங்கள். பெரிய மருத்துவமனைகளில் தொற்றுத் தடுப்புக்கென்றே ஒரு நர்ஸ் இருப்பார்; அவரைக் கேட்டுப் பாருங்கள்.

பாண்டுப்பிலிருந்து ஒரு வாசகி: அப்பாவுக்குக் காலில் சர்க்கரைப் புண். தினமும் டிரெஸ்ஸிங் செய்ய ஆள் வைக்க வசதியில்லை. நானே செய்கிறேன். கையுறையை எப்படிச் சுத்தமாகப் போடுவது?

நீங்களே செய்வது நல்லதுதான் அம்மா. தினமும் ஒரே ஆள் பார்த்தால் புண் ஆறுகிறதா, பெருகுகிறதா என்பது சட்டென்று தெரியும். ஸ்டெரைல் கையுறைதான் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லவில்லை என்றால் வீட்டு டிரெஸ்ஸிங்குக்குப் பெரும்பாலும் சுத்தமான பரிசோதனைக் கையுறை போதும். ஆனால் இரண்டு ஜோடி வேண்டும். பழைய கட்டைப் பிரிக்க ஒன்று, அதைக் கழற்றிக் கை கழுவிய பிறகு புதுக் கட்டுப் போட இன்னொன்று. ஒரே ஜோடியில் இரண்டையும் செய்வதுதான் நான் வீடுகளில் அதிகம் பார்க்கும் தவறு.

மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். பஞ்சு, சலைன், துணி, கத்தரிக்கோல், பிளாஸ்டர் எல்லாவற்றையும் பிரித்துத் தயாராக வைத்துவிட்டுப் பிறகு கையுறைக்கு வாருங்கள். போனை வேறு அறையில் வையுங்கள். கைக்குத் தேங்காய் எண்ணெய், வாசலின் தடவும் பழக்கம் இருந்தால் வேலை முடிந்த பிறகு தடவுங்கள். எண்ணெய்ப் பசை லேடெக்ஸ் ரப்பரை நலிய வைக்கும். பெட்டியை வெயில் படும் ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள். அப்படி வைத்த கையுறை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மாட்டும்போதே கிழியும்.

ஸ்டெரைல்தான் வேண்டும் என்றால், உள் உறையைச் சுத்தமான, உலர்ந்த மேசையில் விரியுங்கள். இரண்டு கையுறையும் வாய்ப்பக்கம் மடித்து வைக்கப்பட்டிருக்கும். முதல் கையுறையை அந்த மடிப்பைப் பிடித்தே தூக்கி மாட்டுங்கள். மடிப்பு என்பது உள்பக்கம், உங்கள் விரல் தொடலாம். இரண்டாவதை, மாட்டிய கையின் விரல்களை மடிப்புக்கு அடியில் நுழைத்துத் தூக்குங்கள். கையுறை கையுறையின் வெளிப்பக்கத்தைத் தொடட்டும், தோல் தோல் படும் உள்பக்கத்தை மட்டும் தொடட்டும். கழற்றும்போதும் அதே கணக்கு: ஒரு கையுறையை வெளிப்பக்கம் கிள்ளி உருவி, கையுறை போட்ட உள்ளங்கையில் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள், வெறும் விரலை மற்றதன் உள்ளே, மணிக்கட்டுப் பக்கம் நுழைத்துக் கவிழ்த்து உருவுங்கள். முதலாவது இரண்டாவதற்குள் அடங்கிவிடும். காகிதத்தில் பொதிந்து, சமையல் கழிவோடு சேர்க்காமல் தனியாகக் கொடுங்கள். குப்பை பொறுக்குபவரின் கைக்கும் காவல் வேண்டும் இல்லையா?

புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ கையுறையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்காமல் அன்றே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். சர்க்கரைக்காரர் காலில் வலி இல்லை என்பது நல்ல செய்தி இல்லை; நரம்பு மரத்துப்போயிருக்கலாம்.

சயானிலிருந்து ஒரு நர்சிங் மாணவி: கையுறை போட்டிருக்கும்போதே ஊசி குத்திவிட்டால் பயமில்லைதானே?

கையுறை ஊசியைத் தடுக்காது. துளைத்துக்கொண்டு போகும்போது ஊசியின் வெளிப்புற ரத்தத்தைக் கொஞ்சம் துடைத்துவிடும், அதுவே அது செய்யும் உபகாரம். உள்துளையில் இருக்கும் ரத்தம் அப்படியே வரும். குத்தியதும் கையுறையைக் கழற்றி, சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், விரலை வாயில் வைக்க வேண்டாம், பிளீச் ஊற்ற வேண்டாம். இன்சார்ஜ் திட்டுவார் என்று மறைக்கவும் வேண்டாம். எச்ஐவி தடுப்பு மருந்து தேவை என்று டாக்டர் முடிவு செய்தால் முதல் வேளையை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போட வேண்டும். 72 மணி நேரத்துக்கு மேல் போனால் பயன் இல்லை. தொடங்கினால் 28 நாளும் விடாமல் சாப்பிட வேண்டும்.

அதைவிட எளிதாகத் தொற்றுவது ஹெபடைடிஸ் பி. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. மூன்றையும் போட்டுக்கொண்டு, ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி 10 mIU/mL-க்கு மேல் வந்திருக்கிறதா என்று பரிசோதித்து, அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வார்டு போஸ்டிங் தொடங்கும் முன்பே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ள உங்கள் கல்லூரியில் கேளுங்கள்.